மூக்குக்கு மேலே தண்ணீர்

மூக்கு வரைக்கும் தண்ணீர் வரலாம், மூக்குக்கு மேலே ஒரு சொட்டுகூட வரக் கூடாது என்பதில் எட்டுப் பிள்ளைகளும் ஒரே கட்சியாக நின்றார்கள்.

சின்னக் குளத்தில் நீச்சல் மாஸ்டருக்கு இடுப்பளவு தண்ணீர், பிள்ளைகளுக்கு நெஞ்சளவு. அதில் வரிசையாக நின்றுகொண்டு, தாடையைத் தூக்கி, கூரையில் யாரோ தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பதுபோல் மேலேயே பார்த்தார்கள்.

"ஒரே ஒரு தடவை. மூஞ்சியை உள்ள விட்டு 'பூ'ன்னு ஊதணும். முட்டை முட்டையா குமிழி வரும். இதோ பாருங்க" என்ற மாஸ்டர், தானே முங்கி ஊதிக் காட்டினார். குளத்துக்கு அடியில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் தண்ணீர் கொதித்தது.

பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"இன்னொரு தடவை மாஸ்டர்!"

இன்னொரு தடவை ஊதினார். மறுபடியும் கை தட்டல். இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது. மாஸ்டருக்கு நுரையீரல் நன்றாக விரிந்ததே தவிர, பிள்ளைகளின் முடி நனையவில்லை.

அவருக்குத் தவளை மாஸ்டர் என்று பெயர் வைத்தவர்கள் பிள்ளைகள்தான். கால்களை அகட்டி உதைத்துத் தவளை நீச்சல் செய்து காட்டியதால் வந்த பெயர் என்று அவர் நம்பினார். அவருடைய முட்டைக் கண்ணைப் பார்த்து வைத்திருப்பார்கள் என்பது அவர் மனைவியின் கட்சி.

குளத்தைப் பார்த்தபடி இருந்த கண்ணாடி அறையின் கதவு திறந்தது. மேனேஜர் வெளியே வந்தார். மேனேஜர் வேறு யாருமில்லை, மாஸ்டரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. நீச்சல்குளத்துக்கு மேனேஜரானாலும் அவருடைய குளியல் வாளியும் குவளையுமாகத்தான் நடக்கும். கணுக்காலுக்கு மேல் தண்ணீரைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும். நீச்சல் சங்கத் தலைவருக்கு அவரைப் பிடித்திருந்ததால், இது ஒரு குறையாகத் தெரியவில்லை.

"மிஸ்டர் மாஸ்டர், இப்படிக் கொஞ்சம் வாங்க."

வேலையிடத்தில் 'மாமா' கிடையாது என்பது மச்சினன் போட்ட சட்டம்.

"என்ன தம்பி?"

"தம்பி இல்ல, சார்."

"என்ன சார் தம்பி?"

மேனேஜர் பல்லைக் கடித்தார். "மாசக் கடைசியில தலைவர் வர்றார். எட்டுப் பேரும் அவர் கண்ணு முன்னால தலையை முக்கி எந்திரிக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் சின்னக் குளம் விசிலுக்குப் போயிடும்."

"அப்போ நான்?"

"சாவிக் கவுண்டர் காலியா இருக்கு. வர்றவங்களுக்கு லாக்கர் சாவியைக் குடுக்கணும், போறப்ப வாங்கி மாட்டணும். வெயிலும் இல்ல, தண்ணியும் இல்ல. உங்க உடம்புக்கு அதுதான் நல்லது, மாமா."

போட்ட சட்டத்தை அவரே மீறி 'மாமா' என்றதும்தான் விஷயம் நிஜம் என்று மாஸ்டருக்கு உறைத்தது.

விசில் என்பது பெரிய குளத்துப் பயிற்சியாளர். அவர் வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் அப்படித்தான், சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் ஒரு விசில், கூடினால் இரண்டு. குறட்டைக்குப் பதிலாகவும் விசில்தான் வரும் என்பதால் அவர் தெருவில் திருட்டு நடந்ததே இல்லை. அவரிடம் படிக்கும் பிள்ளைகள் குளத்தின் ஓரத்தில் சிப்பாய்கள் மாதிரி நிற்பார்கள். விசில் ஊதினால் குதிக்க வேண்டும். குதிக்காத பிள்ளைக்கு முதுகுப் பக்கமிருந்து ஓர் உள்ளங்கை உதவிக்கு வரும்.

தவளை மாஸ்டரின் வழி வேறு. பிள்ளையைச் சிரிக்க வைத்தால் பயம் தானாகக் கிளம்பிப் போய்விடும் என்பது அவர் கொள்கை. அவரிடம் மிச்சமிருந்த ஒரே கொள்கையும் அதுதான். மற்றவற்றைக் கல்யாணமான புதிதிலேயே மனைவி வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள். இந்த எட்டுப் பேர்தான், அவர் வாயைத் திறந்தால் வாயைப் பார்த்தார்கள்.

அந்த எட்டுப் பேரை விட்டுவிட்டு அவரால் சாவி மாட்ட முடியாது.

உடனே திரும்பிப் போய், பிள்ளைகளுக்கு ஆசை காட்டினார்.

"கேளுங்க. தலையை முக்கிட்டீங்கன்னா இந்தச் சின்னக் குளத்துல விளையாடிக்கிட்டுக் கிடக்க வேணாம். அன்னிக்கே பெரிய குளம்! விசில் மாஸ்டர்கிட்ட நிஜ நீச்சல்!"

எட்டுப் பேரும் பெரிய குளத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். விசில் ஒலித்தது. ஒரு பையன் காற்றில் கொஞ்ச தூரம் நடந்துபோய்த் தண்ணீரில் விழுந்தான்.

"அன்னிக்கேவா மாஸ்டர்?" என்று கேட்டாள் பெரியமனுஷி. அவளுக்கு வயது ஆறு, பேச்சுக்கு அறுபது.

"அன்னிக்கே! ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது!"

விதை போட்டாயிற்று என்று மாஸ்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

அன்று இரவு சாப்பாட்டை வைத்துக்கொண்டே மனைவி ஆரம்பித்தாள். "தம்பி போன் பண்ணினான். உங்களால அவனுக்குத் தலை குனிவாம்."

"பிள்ளைங்க தலை குனிய மாட்டேங்குதுங்க. அதான் பிரச்சினையே."

"இத்தனை வருஷத்துல நீங்க சொல்லி யாரு எதைக் கேட்டிருக்காங்க, அதுங்க கேக்க? அவன் ஒரு ஆள்தான் பாவம்னு உங்களை அங்க வச்சிருக்கான்."

மாஸ்டர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி முதலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதலை விளையாட்டு தொடங்கியது. மாஸ்டர்தான் முதலை. தண்ணீருக்குள் பதுங்கி வருவார். முதலை நெருங்கியதும் தலையை முக்கிக்கொண்டால் முதலைக்குக் கண் தெரியாது, தப்பிக்கலாம். முக்காதவர்களை முதலை பிடித்துவிடும்.

"பிடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டான் வக்கீல். எந்த விளையாட்டிலும் விதியைக் கேட்டு, ஓட்டையைக் கண்டுபிடித்து, அதன் வழியாக வெளியே போகிறவன் அவன்.

மாஸ்டர் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதே என்று, "பிடிச்சா... முதலை உங்களை முதுகுல தூக்கிட்டு அந்தக் கரைக்குப் போயிடும்" என்றார்.

முதலை வந்தது. ஒரு தலைகூட முங்கவில்லை. "என்னை முதல்ல பிடிங்க!" "நேத்து நான்தான் கடைசி, இன்னிக்கு நான்தான் முதல்ல!" என்று முதலையைச் சூழ்ந்துகொண்டார்கள். வாரம் முழுக்க முதலை ஆள் சுமந்தது. வக்கீல் திரும்பி வருவதற்கும் சவாரி உண்டு என்று வாதாடி ஜெயித்தான். வார முடிவில் முதலையால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. வீட்டில் மனைவி அதன் முதுகில் தைலம் தேய்த்தாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

அடுத்ததாகத் தேநீர் விருந்து. குளத்தின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் குடிக்கிற மாதிரி நடிக்க வேண்டும். மாஸ்டர் கோப்பைகளோடு அடியில் போய் உட்கார்ந்து, வாங்க வாங்க என்று கையைக் காட்டினார். மேலே எட்டு ஜோடிக் கால்கள் தெரிந்தனவே தவிர விருந்தாளி யாரும் இறங்கவில்லை. மூச்சு வாங்க மேலே வந்தார்.

"ஏன் யாரும் வரலை?"

"நீங்க குடிக்கிறது ரொம்ப நல்லா இருந்துது மாஸ்டர். நாங்க பாத்துக்கிட்டே இருந்துட்டோம்" என்றாள் பெரியமனுஷி. "வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டுக்கிட்டே குடிங்க. விருந்துன்னா பேசணும்."

தண்ணீருக்கு அடியில் நலம் விசாரித்ததில் மாஸ்டரின் வயிற்றுக்குள் கணிசமான அளவு குளம் போய்விட்டது. இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். அவர் திரும்பி வந்த அன்று பிள்ளைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டார்கள். "நீங்க இல்லாதப்ப அவர் வந்து விசில் அடிச்சார் மாஸ்டர்" என்றாள் பெரியமனுஷி, போலீசில் புகார் கொடுப்பதுபோல். அவள் பின்னால் ஊமைக்கோட்டான் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாவற்றையும் கண் கொட்டாமல் பார்ப்பாள், அவ்வளவுதான்.

இனி கருணையைக் கிளப்பினால்தான் காரியம் ஆகும் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. வீட்டு அலமாரியில் ஒரு பீங்கான் பொம்மை இருந்தது. மச்சினன் தன் முதல் சம்பளத்தில் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தது. துடைப்பதற்குக்கூட மாஸ்டர் அதைத் தொடக் கூடாது. அதை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து குளத்தில் போட்டார். கல்லுமாதிரி நேராக அடிக்குப் போனது.

"ஐயோ! பாப்பா மூழ்கிடுச்சு! யாரு காப்பாத்தப் போறீங்க?"

எட்டுப் பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"செத்துப் போச்சு மாஸ்டர்" என்றாள் பெரியமனுஷி. "நல்ல சாவு. கஷ்டப்படலை."

"இல்லம்மா, இன்னும் உயிர் இருக்கு! சீக்கிரம் எடுத்தா..."

"போன உயிரு திரும்பி வருமா மாஸ்டர்? மனசைத் தேத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு, அழ ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வக்கீல் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்திருந்த தாய்மார்கள், என்ன ஆயிற்றோ என்று எழுந்து நின்றார்கள்.

மேனேஜர் அறைக்குள்ளிருந்து விரலை நீட்டிக் கூப்பிட்டார். மாஸ்டர் போய், வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார். திரும்பிப் பார்த்தால் பொம்மை குளத்தின் ஓரத்தில் கிடந்தது. முகத்தை ஒரு கைக்குட்டை மூடியிருந்தது.

"யாரு எடுத்தது?"

எட்டுப் பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"அதுவா வந்துச்சு. செத்தா மிதக்கும்னு எங்கப்பா சொல்லியிருக்கார்" என்றான் வக்கீல்.

பெருக்குகிற அம்மா கம்பு விட்டு எடுத்திருப்பாள் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். அதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. கைக்குட்டையை எடுத்தபோது பொம்மைக்குக் கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. குளோரின் எல்லாவற்றையும் துடைத்திருந்தது.

அலமாரியில் பொம்மையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். மனைவி அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டாள்.

"பொம்மைக்கு மூஞ்சி எங்க?"

"குளத்துல."

அதன் பிறகு அந்த வீட்டில் சாப்பாடு மேசைக்கு வந்தது. வார்த்தை வரவில்லை.

மாசக் கடைசியும் வந்தது. தலைவர் கோட்டு போட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் மேனேஜர். தாய் தகப்பன்மார் சுவரோரம் நின்றார்கள். விசில் ஒரு தூணில் சாய்ந்து, விசிலை வாயில் கடித்தபடி காத்திருந்தார். பெருக்குகிற அம்மாகூடக் கம்பை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

மாஸ்டர் பிள்ளைகளுக்கு முன்னால் மண்டி போட்டார். "இன்னிக்கு மட்டும். எனக்காக. ஒரே ஒரு முங்கு. முங்கலைன்னா..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது என்பதுதானே கொள்கை. "முங்கலைன்னாலும் பரவாயில்லை. ஆனா முங்குங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் பெரியமனுஷி. தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "எனக்கு மூச்சு அடைக்குது, என்னைக் கரை சேத்துடுங்க" என்று கதறியதில் தலைவரே நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். வக்கீல் முகத்தைத் தண்ணீருக்கு ஒரு விரல் தூரத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, உடம்பு முழுக்க நடுங்கினான். நடுக்கத்தில் அவனைச் சுற்றி அலை கிளம்பியது. ஒரு பிள்ளை படியைக் கட்டிக்கொண்டது. ஒரு பிள்ளை படிக்கே வரவில்லை. ஊமைக்கோட்டான் சத்தமில்லாமல் அழுதாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

எட்டும் போயிற்று.

"மூணு மாசம்" என்றார் தலைவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

மாஸ்டரின் கையில் ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. தொபீரென்று குளத்தில் குதித்து, நடுவில் போய், கையைக் காலை உதறினார். "பிள்ளைங்களா! மாஸ்டர் மூழ்கறேன்! வந்து காப்பாத்துங்க!"

நடிப்பாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் முதலையாக இருந்த காலத்து முதுகு அந்த இடத்தில் பிடித்துக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் மாஸ்டர் நிஜமாகவே அடிக்குப் போனார். போகிற வழியில் அண்ணாந்து பார்த்தபோது, எட்டுப் பிள்ளைகளும் விளிம்புக்கு ஓடி வந்து குனிவது தெரிந்தது. அதற்குள் ஒரு விசில் சத்தம். யாரோ அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தார்கள்.

நீச்சல் மாஸ்டரை நீச்சல் தெரிந்தவர் காப்பாற்றியதை எல்லோரும் கை தட்டி வரவேற்றார்கள். குப்புறப் போட்டு முதுகை அமுக்கியபோது வாயிலிருந்து வந்த தண்ணீரில் கொஞ்சம் பழைய தேநீர் விருந்தும் இருந்திருக்கலாம்.

"சாவிக் கவுண்டர் திங்கட்கிழமையிலேருந்து, மாமா" என்றார் மேனேஜர் மெதுவாக.

வீட்டுக்குப் போனதும் மனைவி பேசாவிரதத்தை முடித்துக்கொண்டாள். "இடுப்பளவு தண்ணியிலயா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை மாஸ்டர் சாவிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். கவுண்டரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஆவி படிந்து மங்கலான கண்ணாடி. அதன் வழியாகச் சின்னக் குளம் தெரியும். எட்டுப் பேரும் ஓரத்தில் சிப்பாய்களாக நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கூரையையும் பார்க்கவில்லை.

அழப் போகிறார்கள் என்று மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனார்.

விசில் ஒலித்தது.

எட்டுப் பேரும் குதித்தார்கள். தலை முங்கிற்று. முங்கிய தலை குளத்தின் நடுவில் எழுந்தது. எழுந்த வேகத்தில் அந்தக் கரைக்குப் போய்ச் சுவரைத் தொட்டு, திரும்பி வந்து, ஏறி, முடியிலிருந்து தண்ணீர் சொட்ட மறுபடியும் வரிசையில் நின்றார்கள். விசிலின் வாயிலிருந்து விசில் நழுவி விழுந்தது. ஊதி ஊதியே காலம் தள்ளியவர், அன்றுதான் முதல் தடவையாகப் பேசினார். "அடேயப்பா" என்றார்.

கால்களை அகட்டி அவர்கள் உதைத்த விதம் மாஸ்டருக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கண்ணாடி மங்கலாக இருந்ததால் சரியாகப் பிடிபடவில்லை. கையால் துடைத்துப் பார்த்தார். ஆவி அந்தப் பக்கம் படிந்திருந்தது.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மாமா, பாத்தீங்களா! மூணு மாசம் நீங்க முதலையா தவழ்ந்தீங்க. அவர் ஒரே ஒரு விசில்! போன்ல சொன்னதும் தலைவருக்கு ஆனந்தம் தாங்கலை. விசிலோட படத்தை வாசல்ல மாட்டச் சொல்லிட்டார். வெளிய வந்து நீங்களும் கை தட்டுங்க. தட்டலைன்னா பொறாமைன்னு நினைப்பாங்க."

மாஸ்டர் வெளியே வந்து கை தட்டினார். கையில் சாவிக்கொத்து இருந்ததால் சத்தம் பலமாகவே கேட்டது.

அதோடு அவருடைய கொள்கையும் முடிந்தது. பயத்தை விரட்டப் பயமுறுத்தத்தான் வேண்டும்போல. ஊரெல்லாம் தெரிந்துவைத்திருந்த விஷயம், தவளைக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதை ஒத்துக்கொள்ள வேண்டும். டிவியின் சத்தத்தை அவள் குறைத்தால்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் சாவி கொடுக்க வந்தார்கள். வக்கீல் எதுவும் வாதாடாமல் சாவியை வைத்துவிட்டுப் போனான். பெரியமனுஷி, "உடம்பைப் பாத்துக்குங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். கடைசியாக ஊமைக்கோட்டான் வந்தாள். கவுண்டர் அவளுக்கு உயரம். நுனிக்காலில் எம்பிச் சாவியை வைத்தவள், போகாமல் நின்றாள்.

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். "விசில் மாஸ்டர் ரொம்ப நல்லா சொல்லிக் குடுக்கிறார் இல்ல? ஒரே நாள்ல கத்துக்கிட்டீங்களே."

ஊமைக்கோட்டான் அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"எட்டுப் பேரும் அவ்வளவு கஷ்டப்பட்டு பெயிலானோமே மாஸ்டர், அப்புறமும் எதுக்கு உங்களை மாத்தினாங்க?"